கத்திரி வெயிலில் கம்பளிக் குல்லா

என் தம்பி பிறந்தது கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில். நேரம் பார்த்துப் பிறப்பது குழந்தையின் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு அந்த விஷயத்தில் அவன்மேல் கோபம் இருந்தது. என் பள்ளி விடுமுறை முழுவதையும் அவன் எடுத்துக்கொண்டான். கடற்கரைக்குக் கூட்டிப்போக ஆளில்லை, சித்தப்பா வீட்டுக்கு அனுப்ப ஆளில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத பிறவி நான். அந்த மே மாதம் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து கழிந்தது.

கருவடிக்குப்பத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி. மதியத்தில் சுவரில் கை வைத்தால் சுடும். அந்த வீட்டின் உள்ளறையில்தான் அம்மாவையும் தம்பியையும் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினாள் பெரியம்மா. அம்மாவின் அக்கா. பிள்ளை பெற்றவளைக் கவனித்துக்கொள்ளத் தவளக்குப்பத்திலிருந்து இரண்டு பைகளோடு வந்திருந்தாள். ஒரு பையில் அவளுடைய புடவைகள், இன்னொன்றில் சுக்கு, திப்பிலி, பூண்டு, சாம்பிராணி. வந்த அன்றே ஜன்னலை மூடி, இடுக்குகளில் பழைய துணியைத் திணித்தாள். மின்விசிறி சுவிட்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டினாள்.

பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது. காற்றுப் பட்டால் அம்மாவுக்கு ஜன்னி வரும், குழந்தைக்குச் சளி பிடிக்கும். அதனால் அம்மாவின் காதுகளில் பஞ்சு, தலையைச் சுற்றி ஒரு துண்டு. தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் வெந்நீர் மட்டும். பெரியம்மா இதை எதையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தாயில்லாத வீட்டில் அம்மாவை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அவளும் மூன்று பெற்றிருக்கிறாள், மூன்று முறையும் இப்படித்தான் கிடந்தாள், மூன்று பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். அந்த மூன்று பேரும் பிறந்தது ஐப்பசியிலும் மார்கழியிலும் என்பது யார் மனதிலும் வரவில்லை.

அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும். கம்பெனி ஷிப்டு முடிந்து வந்ததும் அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். பிறகு குளிக்கப் போய்விடுவார்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள் பெரியம்மா. "ஒங்கம்மா ஜன்னல தொறந்தாலோ, சுவிட்சு மேல கை வச்சாலோ ஓடியாந்து எங்கிட்ட சொல்லணும். நீதான் பொறுப்பு" என்றாள். அதுவரை யாரும் என்னை நம்பி எதையும் கொடுத்ததில்லை. தண்ணீர்ப் பாட்டிலைக் கூடத் தொலைத்துவிட்டு வருகிறவள் நான். பொறுப்பு என்ற சொல்லே எனக்குப் போதையாக இருந்தது. அதோடு தினமும் பெரியம்மா உரித்துத் தரும் நுங்கும் இருந்தது.

நான் வேலையை நன்றாகவே செய்தேன். அம்மா துண்டை அவிழ்த்தால் ஓடினேன். பஞ்சை எடுத்துப் போட்டால் ஓடினேன். ஒருநாள் தம்பியைச் சுற்றியிருந்த துணியைத் தளர்த்தியதற்கும் ஓடினேன். பெரியம்மா வந்து, "ஏன்டி இப்படிப் பண்ற" என்பாள். அம்மா பஞ்சை மறுபடி காதில் வைத்துக்கொள்வாள். அக்காவை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை. என்னையும் திட்ட மாட்டாள். நான் அறைக்குள் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

தம்பி ஓயாமல் அழுதான். குழந்தைக்குக் குளிர்கிறது என்று பெரியம்மா இன்னொரு துணி சுற்றினாள். அழுகை கூடியது. அம்மாவுக்குப் பால் போதவில்லை. அதற்குப் பூண்டு வதக்கிக் கொடுத்தாள், தண்ணீர் கொடுக்கவில்லை. அம்மாவின் உதடு வெடித்திருந்தது. அவளுடைய ரவிக்கை எப்போதும் நனைந்தே இருக்கும். அறைக்குள் போனால் எனக்கு மூச்சு முட்டும். என்னால் உடனே வெளியே ஓடிவிட முடிந்தது.

மாமா பிரான்சில் இருக்கிறார், அம்மாவுக்குத் தம்பி. ஊருக்கு வந்த யாரிடமோ குழந்தைக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். வெள்ளைக் கம்பளியில் ஒரு சட்டை, காலுறை, காதுவரை இறங்கும் குல்லா. குல்லாவைப் பெரியம்மா 'போனே' என்பாள். அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரலே மாறும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வீடியோ காலில் குழந்தையைப் பார்க்க வருவதாக மாமா சொல்லியிருந்தார். அவர் அனுப்பியதைப் போட்டுக் காட்டாமல் இருக்க முடியுமா? இரண்டு மணிக்கே தம்பியைக் கம்பளிக்குள் ஏற்றினாள் பெரியம்மா. அதற்குமேல் ஒரு துண்டையும் சுற்றினாள். அம்மா, "வேணாங்க்கா, ரொம்ப வேர்க்குது அவனுக்கு" என்றாள். "ஒரு மணி நேரம்தானடி. ஆசையா அனுப்பியிருக்கான்" என்றாள் பெரியம்மா.

அப்போது பார்த்து அவளுடைய போனில் நெட் தீர்ந்துவிட்டது. தெருமுனைக் கடையில் ரீசார்ஜ் செய்யக் கிளம்பினாள். போகும்போது என்னைப் பார்த்து, "பாத்துக்க" என்றாள். அப்பா அன்றைக்கும் ஷிப்டு.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் தம்பியின் அழுகை நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அம்மா அவனை எடுத்து மார்பில் வைத்தாள். அவன் குடிக்கவில்லை. கன்னத்தைத் தட்டினாள். கண் திறக்கவில்லை. அவன் முகம் சிவந்து, கை தொங்கியது. கழுத்தில் விரலை வைத்தவள், சுட்டதுபோல் எடுத்தாள்.

அதற்குப் பிறகு அம்மா நடந்துகொண்ட வேகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குல்லாவைப் பிடுங்கி எறிந்தாள். சட்டையை, காலுறையை, துண்டை எல்லாம் கழற்றினாள். எழுந்துபோய் ஜன்னல் துணிகளை உருவிப் போட்டுக் கதவுகளைத் தள்ளினாள். நகத்தால் பிளாஸ்திரியைக் கிழித்துச் சுவிட்சைப் போட்டாள்.

"ஒரு சொம்பு தண்ணி கொண்டா. பானைத் தண்ணி."

கொண்டுபோனேன். அப்படியே அண்ணாந்து குடித்து முடித்தாள். தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

"இன்னொன்னு."

அதையும் குடித்தாள். மூன்றாவது சொம்பில் தன் தலைத் துண்டை நனைத்துப் பிழிந்து, தம்பியின் நெற்றி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "கண்ணு, இத யாருகிட்டயும் சொல்லாத. என்னா? அம்மாவுக்காக" என்றாள்.

தலையாட்டினேன். ஜன்னல், மின்விசிறி, பச்சைத் தண்ணீர், எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துவிட்டது. அம்மாவுக்கு ஜன்னி வரும், தம்பிக்குச் சளி வரும், இருவரும் செத்துப்போவார்கள், பொறுப்பு நான். செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். தார் ரோடு காலைப் பொசுக்கியது. கடையில் நின்றிருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி, "பெரியம்மா, அம்மா ஃபேனப் போட்டுட்டாங்க, தம்பிக்குத் துணியே இல்ல" என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது உள்ளறைக் கதவு தாழிட்டிருந்தது.

"தொறடி."

"தொறக்க மாட்டேங்க்கா." அம்மாவின் குரல் சாதாரணமாகவே இருந்தது.

பெரியம்மா கதவைத் தட்டினாள், அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், புள்ளைக்கு என்னாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றாள். அந்த நேரத்தில் அவள் கையிலிருந்த போன் அடித்தது. மாமா. பழக்கத்தில் எடுத்துவிட்டாள். "என்னாக்கா, கதவுதான் தெரியுது. புள்ள எங்க?" என்று கேட்டார் மாமா. அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். பெரியம்மா போனை என்னிடம் தந்துவிட்டுக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு நிற்கத் தெரியவில்லை. போனோடு கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மாமா, "ஆடாம புடி, ஆடாம புடி" என்றபடியே இருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உள்ளே தம்பி ஒரு தரம் சிணுங்கினான். பிறகு வீறிட்டு அழுதான். பிறகு சட்டென்று அழுகை அடங்கி, சப்புக் கொட்டும் சத்தம் வந்தது. பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தாழ் திறந்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது பெரியம்மாதான். வெயில் சூடு ஏறியிருக்கிறது, நல்ல வேளை சீக்கிரம் துடைத்தீர்கள் என்றார்கள். பஞ்சுத் துணி ஒன்று போதும், அறையில் காற்று வரட்டும், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் தாய் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார்கள். தம்பியை அன்று அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து, "இந்த வெயில்ல கம்பளி போட்டது யாரு?" என்றாள்.

பெரியம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க. ஆசையில போட்டுட்டேன்" என்றாள் அம்மா.

தப்பான தகவல். எனக்கு அது பொறுக்கவில்லை. "இல்ல, பெரியம்மாதான் போட்டாங்க. அம்மா வேணான்னாங்க" என்றேன். நர்ஸ் பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா என்னைப் பார்த்தாள். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

நாற்பது நாள் இருக்க வந்த பெரியம்மா இருபதாம் நாளே ஊருக்குக் கிளம்பினாள். நான் சந்தோஷமாகவே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது, மின்விசிறி ஓடியது, அம்மா பானையிலிருந்து தானே மொண்டு குடித்தாள். தம்பி ஒரு பஞ்சுச் சட்டையில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். எனக்கு இனி வேலை இல்லை என்பது மட்டும்தான் குறை.

அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில், யாரிடமும் சொல்லாதே என்று அம்மா என்னிடம் எதையும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் மறைக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை என்று நான் வெகுநாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.