அக்காவின் ஃபிலிம் ரோல்

லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு 'நாளைக்கு' என்று பெயர். எந்த விருந்து என்றாலும் தோளில் பழைய காமிராவோடு வந்து நிற்பான், எல்லோரையும் எடுப்பான். "எங்க, காட்டு" என்று யாராவது கேட்டால் "நாளைக்கு" என்பான். அந்த 'நாளைக்கு' வர மாதக்கணக்கில் ஆகும். போனில் ஒரு நொடியில் முடிகிற காரியத்துக்கு இந்த மனுஷன் ஏன் ஃபிலிம் தேடி வாங்கி, மருந்து கலந்து, அல்லாடுகிறான் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவன் மனைவியின் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குளியலறையை அடைத்துக்கொண்டு ஃபிலிம் கழுவுவான், வீட்டில் ஒருவரும் குளிக்க முடியாது. வருகிறவர்களிடம், "உள்ள பிரசவம் நடக்குது, கொஞ்சம் பொறுங்க" என்பாள்.

ஏன் என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியாது. பொத்தானை அமுக்கிய மறுநிமிஷம் லிஃப்ட் வரவில்லையென்று கரித்துக்கொட்டுகிற ஜனங்களின் வசவைக் கேட்டுக்கொண்டே பிழைப்பு நடத்துகிறவன். நிதானமாகச் செய்ய ஒரு காரியமாவது இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ.

அந்தப் பைத்தியத்தால் ஒருவருக்கு உபகாரம் ஆகும் என்று தோன்றிய ஒரு நாளும் வந்தது. அவனுடைய அக்கா ரயில் நிலையத்து விசாரணை கவுண்டரில் வேலை பார்த்தவள். போன வருஷம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் தேறிவிட்டன, முகம் தேறவில்லை. இடப்பக்கம் வாய் கீழே இழுத்துக்கொண்டது, அந்தப் பக்கத்துக் கண் சரியாக மூடாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த நாத்தனார், கட்டிலில் கிடந்தவளைப் போனில் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. உயிரோடு இருக்கிறவளுக்கு இரங்கல் சொன்ன புண்ணியவான்கள்! அன்றிலிருந்து அக்கா எந்தப் போனுக்கும் முகம் காட்டியதில்லை. வீட்டிலிருந்த கண்ணாடிகளை மாமா கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டார்.

அப்படிப்பட்டவள்தான் தானாகக் கேட்டாள்.

"உன் காமிராவுல எடுத்தா உடனே தெரியாதுல்ல?"

"கழுவினாத்தான்க்கா தெரியும்."

"வேற யாருக்கும் போகாதுல்ல?"

"என் கையை விட்டு எங்க போகப்போகுது?"

"அப்ப எடு. படத்தைப் பார்த்துட்டு வேலைக்குத் திரும்பப் போறதா வேணாமான்னு முடிவு பண்றேன். உங்க மாமா எப்பக் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேங்கிறாரு, அவரை நம்பி வெளியே போக முடியாது. உன் கருப்பு வெள்ளையில நம்ம சித்தப்பாவே லட்சணமா இருந்தாரு."

முதலில் ஜன்னலோரம் எடுத்தான். பிறகு பால்கனி. பிறகு அவளே செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். வெளியே கால் வைத்து எவ்வளவு காலமாயிற்று! அங்கே ஒரு தள்ளுவண்டிக்காரன் குடையை விரிக்கப்போய்க் குடை அவனையே மூடிக்கொண்டது. அக்கா முகத்தை மறந்து சிரித்தாள். அவன் அமுக்கிவிட்டான். அந்தச் சிரிப்பு ஒன்று விழுந்திருந்தால் போதும், அக்கா வேலைக்குப் போய்விடுவாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

அக்காவின் ரோல் அல்லவா, பழைய மருந்தில் கழுவ மனம் வரவில்லை. டெவலப்பர், ஃபிக்ஸர் இரண்டையும் புதிதாகக் கலந்தான். புட்டிகளைத் தேய்த்துக் கழுவினான், குளியலறை அலமாரியைக் காலி செய்து துடைத்தான். இருட்டில் ரோலைச் சுருளில் ஏற்றி வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு மூடி, விளக்கைப் போட்டான். வழக்கம்போல இடப்பக்கத்துப் புட்டியை எடுத்து ஊற்றினான். நேரம் பார்த்து ஆட்டினான். மருந்தைத் திரும்பப் புட்டியில் விடும்போதுதான் ஃபிக்ஸரின் புளிப்பு நெடி மூக்கில் ஏறியது.

துடைத்துவிட்டுத் திருப்பி வைத்தபோது புட்டிகள் இடம் மாறியிருந்தன. கை மட்டும் பழைய இடத்துக்கே போயிருக்கிறது. டெவலப்பர் படத்தை வெளியே கொண்டுவரும். அதற்குப் பிறகுதான் ஃபிக்ஸர் போய் மிச்சத்தைக் கரைத்துப் படத்தை நிலைக்கச் செய்ய வேண்டும். ஃபிக்ஸர் முதலில் போனால் படத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். டப்பாவைத் திறந்தான். வெறும் ஃபிலிம், ஒரு நிழல்கூட இல்லை. குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது.

"காமிரா ரிப்பேர்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

அவன் கேட்கவில்லை. அக்காவிடம் பொய் சொல்ல வாய் வராது என்று ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு போனான். அக்கா தலை வாரி, காத்துக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் ஃபிலிமை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.

"புதுசா மருந்து கலந்து, அலமாரியெல்லாம் துடைச்சு வச்சியே, அன்னைக்குப் போய் புட்டி மாறிடுச்சாக்கும்."

"சத்தியமாக்கா. ஓரத்துல ஃபிலிம் கம்பெனிக்காரன் போட்ட நம்பர்கூட அழிஞ்சுபோச்சு பாரு. மருந்து மாறினாத்தான் இப்படி ஆகும்."

"உன் நம்பரை நான் என்னத்தக் கண்டேன்?" அவள் குரல் ஏறவில்லை. "அவ்வளவு மோசமாவா இருந்தேன்?"

"நான் பார்க்கவே இல்லக்கா. இன்னொரு ரோல் எடுக்கலாம்."

"எதுக்கு? அதையும் பார்த்துட்டு வெறுமையா கொண்டுவந்து நீட்டுவே. போனை எடு. இப்பவே எடுத்துக் காட்டு."

அவன் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். மாமா சமையலறையிலிருந்து ஓடிவந்து தடுத்துப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஒரு படம் எடுத்தான். அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். இழுத்துக்கொண்ட வாயை, பாதி மூடிய கண்ணை, ஒவ்வொன்றாக. அதில் சிரிப்பில்லை, தெருமுனை இல்லை, யாரிடமோ வீம்புக்கு உட்கார்ந்திருக்கிற ஒருத்தி மட்டும் இருந்தாள். பிறகு அவளே அதை நீக்கிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ அழிச்சது தப்பில்லடா" என்றாள். "நானா இருந்தாலும் அழிச்சுத்தான் இருப்பேன்."

"நான் அழிக்கலக்கா."

"சரிடா, சரி" என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.