ஆக வேண்டியதைச் செய்பவன்

இங்கே கவென்ட்ரியில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில் போன மாதம் ஒரு கூத்து. லாரி தாமதமாகும் என்று பக்கத்து மேசை ஃபியோனாவுக்கு மெயில் எழுதி, பழைய பழக்கத்தில் கடைசியில் 'டூ த நீட்ஃபுல்' என்று போட்டுவிட்டேன். அவள் எழுந்தே வந்துவிட்டாள். "இது எங்க தாத்தா காலத்து வார்த்தையாச்சே. சரி, நான் செய்ய வேண்டியது எது?" கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். வாடிக்கையாளருக்குச் சொல்லணும், கிடங்குக்குச் சொல்லணும், நாளைய வண்டியை மாற்றணும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறித்துக்கொண்டு போனாள். எனக்குத்தான் என்னவோ போலாகிவிட்டது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் ஷிஃப்ட் பார்த்த நாட்களில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெள்ளைக்காரனே மறந்துவிட்ட அந்தச் சொல்லை நாங்கள் தமிழாகவே ஆக்கிவைத்திருந்தோம். ஆக வேண்டியதைச் செய் என்பதுதான் அர்த்தம். ஆனால் என்ன ஆக வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் கேட்டவனுக்குத்தான் அவமானம். என்னோடு வேலை பார்த்த சாலமன் அதில் மன்னன். பொன்னேரியில் எங்களுக்கு அடுத்த தெரு. எனக்குக் காய்ச்சல் என்றால் "சாலு, நீட்ஃபுல்" என்பேன், அவ்வளவுதான். லீவு சொல்லி, என் மெஷினுக்கு ஆள் போட்டு, சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியதும் மாத்திரையும் பன்னுமாக வந்து நிற்பான். நான் விமானம் ஏறிய அன்றும் அம்மாவைக் காட்டி அதே வார்த்தையைத்தான் சொன்னேன். சொன்னது என் வாய்தான், யாரை நோவது?

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்பதே முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கட்டுப் பிரிக்கும் நாளில், இங்கே இன்னும் விடியாத குளிர்காலக் காலையில், வீடியோ காலில் பிடித்துக் கத்தினேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அங்க இருந்துக்கினு நீ இன்னா பண்ணுவ? பேஜாராவ. அதான் சாலு கீறான்ல."

"டென்ஷனாவாத மச்சான், நீட்ஃபுல் பண்ணிட்டேன்" என்று பின்னாலிருந்து சாலமன் குரல் கொடுத்தான்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது, மறைப்பானேன்? அம்மாவின் கையைப் பிடித்துப் படியேற்றியவன் அவன். எந்த மருந்து எந்த நேரத்துக்கு என்று தெரிந்தவன் அவன். எனக்கோ, ஃபியோனா மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் தெரியும்.

நர்ஸ் கட்டைப் பிரித்தார். அம்மா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். முதலில் பட்டது அவன் முகம்தான்.

"அட சாலு, இன்னாடா இது, தலையெல்லாம் நரச்சிப் போச்சி!" அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சாலமன் ஃபோனை அவர் முகத்தருகே நீட்டினான். "எனக்கும் நரைச்சிடுச்சும்மா" என்றேன்.

"நீ அப்டியே கீறப்பா. ஏர்போர்ட்டுல பாத்தா மாரியே."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து விளக்கைப் போட்டேன். தலையைக் குனிந்து, காதோர நரையைக் கேமராவுக்குக் காட்டினேன். நிமிர்ந்தபோது ஃபோனைக் கட்டிலில் வைத்துவிட்டிருந்தார்கள். திரையில் ஆஸ்பத்திரி மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேல பாரும்மா, சொட்டு வுடறேன்" என்று சாலமன் சொல்வது கேட்டது.

இங்கே நானும் மேலே பார்த்தேன்.