கதவோரத்தில் உட்கார்ந்த ஐந்தாம் வகுப்பு

நான் தையல் டீச்சராகத்தான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு கூடம். முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரைக்கும் அதே கூடம்தான். பெரியாசிரியர் பாடம் நடத்துவார். பிற்பகலில் பெண்பிள்ளைகளுக்கு நான் ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுப்பேன்.

சப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். தோட்டத்துக் கணக்குகளைப் பார்த்துவந்த கிராணியே எல்லாவற்றுக்கும் முதலாளி ஆனார். பெரியாசிரியர் ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு சிகாமட்டில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. கிராணி என்னைக் கூப்பிட்டார்.

"பள்ளிக்கூடத்த மூடக் கூடாதுன்னு சப்பான்காரன் உத்தரவு. காலையில சூரியனைப் பாத்துக் கும்பிடு போடணும், நிப்பொன் பாட்டு, நிப்பொன் எண்ணு. அப்புறம் மரவள்ளிக் காட்டுல வேலை. அத நீங்க பாத்துக்குங்க. மத்த பாடமெல்லாம் தையல் டீச்சருக்கு எதுக்கு?"

எனக்கு அப்போது இருபது வயது. "மத்ததையும் நான்தான் பாத்துக்கணும்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குக் கணக்கு சுமாராகத்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் விடிவதற்குள் எழுந்து அன்றைக்கு நடத்த வேண்டியதை நானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். சுண்ணக்கட்டி கிடைக்கவில்லை. ஓடைக்கரையில் இருந்த வெள்ளைக் களிமண்ணை உருட்டிக் காயவைத்து எழுதினோம்.

அந்தப் பெண் கதவோரத்தில் உட்காருவாள். ஒன்பது பத்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு தம்பி. அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா காட்டு வேலைக்குப் போய்விடுவதால் தம்பியைத் தூக்கிக்கொண்டு வருவாள். அவன் அழுதால் வெளியே கொண்டுபோக வேண்டும், அதற்காகத்தான் அந்த இடம். முதல் வகுப்பிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். மந்தமான பிள்ளை என்று பெரியாசிரியர் போகும்முன் என்னிடம் சொல்லியிருந்தார். வாயைத் திறந்து நான் பார்த்ததும் இல்லை.

ஆனால் ஒரு சத்தம் வரும். நாக்கை மேலண்ணத்தில் தட்டி "ச்சு" என்பாள். தம்பிக்குத்தான் வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். எட்டுப் பேர் பன்னிரண்டு நாளில் வெட்டி முடிக்கும் காட்டை ஆறு பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? கிராணியின் மகன் எழுந்து "ஒன்பது" என்றான். கதவோரத்திலிருந்து "ச்சு" வந்தது. இன்னொருவன் "பத்து" என்றான். மறுபடி "ச்சு." திரும்பிப் பார்த்தேன். தம்பி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

எதுவும் கேட்காமல் சோதித்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லும்போது வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொன்னேன். "ச்சு." ஆறாம் வகுப்புக்குப் பலகையில் எழுதியபோது ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினேன். "ச்சு." சரியாக எழுதினேன். சத்தம் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தக் காட்டு வெட்டுற கணக்குல என்ன தப்பு?"

அவள் பயந்துபோய்த் தம்பியை இறுக்கிக்கொண்டாள். மெதுவாகச் சொன்னாள். "ஆள் கொறைஞ்சா நாளு கூடணும்ல டீச்சர். அவன் கொறைச்சுட்டான்."

"அப்ப எத்தன நாளு?"

"பதினாறு."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். இங்க உக்காந்தா எல்லா கிளாஸும் கேக்குதே."

ஆறு வகுப்புப் பாடத்தையும் அந்தக் கதவோரத்தில் உட்கார்ந்தே அவள் வாங்கிக்கொண்டிருக்கிறாள். கையில் சிலேட்டு கிடையாது. யாரும் ஒரு கேள்வி கேட்டதும் கிடையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், வாய் திறப்பதில்லை, அதனால் மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மறுநாளே ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன். தம்பியை என் இடுப்பில் வாங்கிக்கொண்டேன். அவன் என் சேலையை நனைப்பான், கூந்தலைப் பிடித்து இழுப்பான். ஒரு கையில் அவனும் மறு கையில் களிமண் கட்டியுமாகப் பலகைக்கு முன்னால் நிற்பேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிராணி சிரிக்கவில்லை. "ரப்பர் பால் வெட்டுறவ மக எம் மகன் பக்கத்துல உக்காருறதா? பதிவுல பேர மாத்தக் கூடாது. அது ஒன்னாங் கிளாஸுதான்" என்றார்.

"பேரு எங்க வேணாலும் இருக்கட்டும். புள்ள அஞ்சாங் கிளாஸுலதான் உக்காரும்."

சீக்கிரமே எனக்குத் தெரிந்தது தீர்ந்துபோயிற்று. நான் கொடுப்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதி முடிப்பதற்குள் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைக்கலாம் என்று தோன்றியது. எனக்குச் சௌகரியம்தான். ஆனால் அவளுக்கு அதில் என்ன கிடைக்கும்? யோசித்துவிட்டு, "இனிமே நீ எனக்குக் கணக்கு குடு. நான் முழிக்கிற மாதிரி குடுக்கணும்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். அதற்குப் பிறகு தினமும் என்னை முழிக்க வைத்தாள். புத்தகத்தில் வரும் வியாபாரியும் குதிரையும் அவள் கணக்கில் கிடையாது. மரவள்ளிக் காடு, காய்ச்சல், அரிசி, ஆள் பற்றாக்குறை, இவைதான் இருக்கும். சிலவற்றுக்கு எனக்கு விடை வராது. "தெரியல, நீயே சொல்லு" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்லுவேன். டீச்சருக்குத் தெரியாததும் உண்டு என்று கண்டபின் மற்றப் பிள்ளைகளும் துணிந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒருநாள் அவள் பலகையில் எழுதிய கணக்கு அழிக்காமல் இருந்தபோது சப்பான் அதிகாரி வந்து நின்றார். கூடவே குளுவாங்கிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். கிராணி தன் மகனை முன்னால் நிறுத்திப் பாட வைத்தார். எல்லோரும் குனிந்து வணங்கினோம். அதிகாரியின் பார்வை பலகைக்குப் போனது.

'ஒரு காட்டை அம்மா தனியாக ஆறு நாளில் கொத்துவாள். மகள் தனியாகப் பன்னிரண்டு நாளில் கொத்துவாள். இரண்டு நாள் சேர்ந்து கொத்தியபின் மகளுக்குக் காய்ச்சல். மீதியை அம்மா எத்தனை நாளில் முடிப்பாள்?'

மொழிபெயர்ப்பாளர் அதை விளக்கிவிட்டு, "யாரு எழுதினதுன்னு கேக்குறாரு" என்றார்.

கிராணிதான் பெயரை மாற்ற விடவில்லையே. பதிவேட்டில் இருந்ததைச் சொன்னேன். "ஒன்னாங் கிளாஸுப் புள்ள."

கன்னத்தில் பளார் என்று விழுந்தது. கேலி செய்கிறேன் என்று அதிகாரி நினைத்துவிட்டார். காது அடைத்துக்கொண்டது. இடுப்பிலிருந்த குழந்தை வீரிட்டான். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் நான் தலையைக் குனிந்தால் நாளைக்கு இவர்களுக்குப் பாடம் சொல்ல முடியாது என்று மட்டும் தோன்றியது.

"நான் பொய் சொல்லல. அவளையே கேளுங்க" என்றேன். மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். "சொல்லுங்க அவருகிட்ட" என்று மறுபடி சொன்னேன்.

அவள் தானாகவே எழுந்து வந்தாள். இரண்டு நாளில் பாதிக் காடு முடிந்துவிடும், மீதிப் பாதிக்கு அம்மாவுக்கு மூன்று நாள் என்று பலகையில் போட்டுக் காட்டினாள். அதிகாரி ஏதோ கேட்டார்.

"காய்ச்சல் அம்மாவுக்கு வந்திருந்தா, மீதிய மக எத்தன நாளுல முடிப்பான்னு கேக்குறாரு."

அவள் யோசிக்கவே இல்லை. ஆறு என்பதற்கு நான் சொல்லிக் கொடுத்திருந்த சப்பான் வார்த்தையிலேயே, "ரொக்கு" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்க்காமலே கிராணியிடம் பேசிவிட்டுப் போனார். கிராணிதான் வந்து சொன்னார், முகமெல்லாம் சிரிப்பாக. "அந்தப் புள்ளைக்குக் குளுவாங்குல நிப்பொன் பள்ளிக்கூடம். அங்கேயே தங்கிப் படிக்கணுமாம். நம்ம தோட்டத்துக்கே பெருமைலா!"

அன்று மாலை தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போனேன். அவள் அம்மா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"எம் புருஷனையும் நல்ல சம்பளம், நல்ல சாப்பாடுன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க டீச்சரம்மா. புள்ளையக் குடுக்க மாட்டேன். அது படிக்கட்டும். என் கண்ணு முன்னால படிக்கட்டும்."

நல்ல படிப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று ஒரு நிமிடம் என் மனம் ஆடத்தான் செய்தது. ஆனால் அவள் அப்பாவும் அப்படித்தானே போனார். அந்தப் பிள்ளையின் அறிவைக் கண்டுபிடித்தது நான்தான். அதற்காக அவளைத் தூக்கி யாரிடமும் கொடுக்கும் உரிமை எனக்கு வந்துவிடவில்லை.

நேராகக் கிராணியிடம் போனேன். அனுப்பாவிட்டால் அந்த வீட்டுக்கு அரிசி கிடையாது என்றார்.

"சரி, அனுப்புங்க. நானும் கூடப் போறேன். இவ்வளவு கெட்டிக்காரப் புள்ளைய ஏன் ஒன்னாங் கிளாஸுலயே வச்சிருந்தீங்கன்னு அந்த அதிகாரி கேப்பாருல்ல? யாரு பேர மாத்த விடலன்னு நான் சொல்றேன். இன்னொரு கன்னமும் இருக்கு எனக்கு. உங்களுக்கும் ரெண்டு இருக்கு."

அவர் கை தானாகவே கன்னத்துக்குப் போனது. அடுத்த வாரம், பிள்ளைக்கு மலேரியா, அனுப்ப முடியாது என்று குளுவாங்குக்கு அவரே பொய் சொல்லியனுப்பினார். அவள் பெயரும் ஐந்தாம் வகுப்புக்கு ஏறியது. அரிசி நிற்கவில்லை.

சண்டை முடிந்து சப்பான்காரன் போனான். சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். அவள் அப்பா வரவில்லை. புதிய துரையும் புதிய கிராணியும் வந்தார்கள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும், பால் வெட்டப் பழக்குங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். நானும் விடவில்லை. ஆறாம் வகுப்பு முடித்தபின்னும் அவளைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாததைப் படிக்க ஊர் ஊராக அலைந்து புத்தகம் கேட்டு வாங்கி வந்தேன். இருவரும் சேர்ந்தே படித்தோம், பெரும்பாலும் அவள் முன்னால், நான் பின்னால். ஆசிரியர் பயிற்சிக்கு இருவருமே பரீட்சை எழுதினோம். அவள் என்னைவிட வெகுதூரம் மேலே வந்தாள். கோத்தா திங்கிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது.

அந்தச் செய்தி வந்த சமயத்தில் புதிய கிராணி ஆள் சேர்க்க லயத்தில் அவள் வீட்டுக்கு வந்திருந்தார். வீட்டில் பெரிய பெண் இருக்கிறதே, நாளைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அனுப்பு என்றார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வாயெடுக்கப் போனேன். அதற்குள் அவள் அம்மா முந்திக்கொண்டார்.

"எம் மவ பால் வாளி தூக்க மாட்டா. அவ டீச்சரு. போயி வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் நிற்கும்போதே கதவைச் சாத்தினார்.