சத்தம் போடாத டெரியர்

என் வீட்டுக்காரர் தொரை பங்களாவின் தோட்டத்தில் பூச்செடி பார்க்கிறவர். ஒரு நாள் மழைக்கோட்டோடு வந்து நின்று, "கைய நீட்டு" என்றார். நீட்டினேன். கோட்டுப் பைக்குள்ளிருந்து ஈரமான ஒரு நாய்க்குட்டியை எடுத்து வைத்தார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் செம்மண் நிறம். எஸ்டேட்டை நடத்துகிற பெரிய தொரைக்கு மாற்றல் வந்துவிட்டதாம், பங்களா டெரியர் போட்ட குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போகிறாராம்.

"தொரை வீட்டு நாய்க்கு நம்ம சோறு எறங்குமா?" என்று கேட்டேன். எனக்கு நாய் என்றாலே பிடிக்காது. ரப்பர் பால் வெட்டப் போகிற வழியில் இரண்டு தடவை கடி வாங்கியவள் நான். ஆனால் மகள் கொழும்புக்கு வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. லய வரிசையில் எங்கள் அறையான காம்பராவில் பேச்சுச் சத்தமே குறைந்துபோயிருந்தது. அன்று ராத்திரி அந்தச் சின்ன உடம்பு என் சேலை முந்தானையில் சுருண்டு படுத்ததும், நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தை நானே மறந்துவிட்டேன். பெயரெல்லாம் வைக்கவில்லை. குட்டி என்று கூப்பிட்டோம். வளர்ந்த பிறகும் குட்டிதான்.

சோறு இறங்கியது. நெத்திலிக் கருவாட்டுக்கு உயிரையே விடுவாள். ஆனால் மடியில் படுத்துத் தூங்குகிற சாதி இல்லை அது. எட்டு மாதத்திலேயே வேலை கேட்டாள். ஓட்டை கண்ட இடத்தில் மூக்கை விடுவாள், மூக்கு போன இடத்துக்குத் தலை போகும், தலை போனால் முழு உடம்பும் போகும். அரிசிப் பெட்டிக்கு அடியில், விறகுக்குப் பின்னால், கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில், எங்கே எலி இருந்தாலும் விடமாட்டாள். பிடித்து ஒரு உதறு உதறிக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பாள். தின்பதில்லை. எஸ்டேட்டில் எங்கள் டிவிசனில் ஒருவர் எலிக்காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்து வந்த சமயம் அது. லயத்தின் பன்னிரண்டு காம்பராக்காரர்களும் முறை வைத்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

காலையில் என்னோடு ரப்பர் காட்டுக்கு வருவாள். காய்ந்த இலை குவிந்து கிடக்கிற பாதையில் எனக்கு முன்னால் நாலு அடி தள்ளி நடப்பாள். சில இடத்தில் சட்டென்று நின்று முன்னங்காலைத் தூக்குவாள். நானும் நின்றுவிடுவேன். இரண்டு தடவை விஷப் புடையன் பாம்பு. ஒரு தடவை பழைய செருப்பு. அந்தச் செருப்பைச் சொல்லி அவளை ஒரு வாரம் கேலி பண்ணினேன்.

இவ்வளவு நல்ல பிள்ளைக்கு ஒரே ஒரு குறை. குரைப்பாள். டெரியர் குரைப்பது மற்ற நாய் குரைப்பது மாதிரி இல்லை. தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருக்கும். எங்கள் லயத்தில் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் நூறு வயசு என்பார்கள். பக்கத்துக் காம்பரா அக்காவின் புருஷன் ரப்பர் ஸ்டோரில் ராத்திரி வாச்சர், பகலில் தூங்குகிறவர். அவர் தூக்கம் கெட்டால் அக்காவுக்கு அடுப்பில் நெருப்பு வேண்டாம், வாயே போதும்.

"தங்கச்சி, ஒன் நாயி என் மனுசன கொன்னுபோட்டுத்தான் விடும் போல. நான் தலைவர்கிட்ட சொல்லிருவேன், ஆமா."

எனக்கும் கோபம் மூக்குக்கு மேல் வரும். "எலி பிடிக்க மட்டும் நாயி இனிக்குது, கொரச்சா கசக்குதோ?" என்று திருப்பிக் கேட்டேன். கேட்டு என்ன பிரயோசனம்? அக்கா சொன்னபடியே தோட்டத் தலைவரிடம் போனார். தலைவர் வந்து வாசலில் நின்று, ஒரு மாசத்துக்குள் சத்தம் நிற்கவில்லை என்றால் நாயை வெளியே கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு மாதம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. வேலை முடிந்து வந்ததும் அவளோடு உட்கார்ந்துவிடுவேன். வாசலில் யாராவது போவார்கள், இவள் தொண்டைக்குள் உறும ஆரம்பிப்பாள். உடனே வாயைப் பொத்தி "உஸ்" என்பேன். பத்து எண்ணும் வரை சத்தமில்லாமல் இருந்தால் ஒரு நெத்திலி. பிறகு இருபது, பிறகு ஐம்பது. இரண்டாம் வாரத்தில் கை வேண்டியிருக்கவில்லை, "உஸ்" போதும். நாலாம் வாரத்தில் அதுவும் வேண்டியிருக்கவில்லை. எலி பிடிக்கும்போதும், பாம்பைக் காட்டும்போதும், தபால்காரர் சைக்கிளைப் பார்க்கும்போதும்கூட ஒரு சத்தம் கிடையாது. கால் மிதிபட்டால்கூடக் கத்தமாட்டாள், நகர்ந்துகொள்வாள்.

லயமே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அக்கா ஞாயிற்றுக்கிழமைக் கறியில் எலும்பு எடுத்து வைக்க ஆரம்பித்தார். "பிள்ளைங்களகூட இப்படி வளக்க முடியாது" என்றார்கள். நான் உச்சி குளிர்ந்துபோனேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

ஒரே ஒருவர்தான் பாராட்டவில்லை. எங்கள் ரப்பர் மலைக்குக் கீழே நாட்டில், அதாவது சிங்களக் கிராமத்தில், இருக்கிற ஒரு பெரியவர். சொந்தமாக ஒரு துண்டு ரப்பரும் மரவள்ளியும் வைத்திருக்கிறார், முன்பு அவரும் இந்த மாதிரி நாய்கள் வளர்த்தவர். குட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொகோ புரன்னே நெத்தே?" என்று கேட்டார். ஏன் குரைப்பதில்லை என்கிறார். நான் பழக்கிய கதையைப் பெருமையாகச் சிங்களத்திலேயே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பொந்துக்குள் போகிற நாய்க்குக் குரைப்புத்தான் விளக்கு, அதைக் கேட்டுத்தான் மேலே நிற்கிறவன் இடம் கண்டுபிடிப்பான் என்றார். லயத்தில் பொந்து எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருஷம், ஒரு நாள் காலை. பால் வெட்டி முடித்து, சிரட்டைகளிலிருந்து பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே வருகிறேன். கடைசி வரிசையில் திரும்பிப் பார்த்தால் குட்டி இல்லை. கூப்பிட்டேன். வரவில்லை. வாளி நிறையப் பால் இருக்கிறது, நேரத்துக்கு ஸ்டோருக்குக் கொண்டுபோகாவிட்டால் கட்டியாகிப் போகும். எலி ஏதாவது துரத்திக்கொண்டு போயிருப்பாள், தானாக வீட்டுக்கு வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் அவள் இல்லை.

வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மறுபடி மலைக்குப் போனேன். கடைசி வரிசைக்குக் கீழே, பெரியவரின் மரவள்ளித் துண்டுக்கு மேலே, ஒரு பாறை. அதன் அடியில் முள்ளம்பன்றிப் பொந்து. மூன்று வாய் இருந்தது. ஒரு வாயில் புது மண் பறித்துக் கிடந்தது, மண்ணோடு கறுப்பு வெள்ளை முள் நாலைந்து. முள்ளம்பன்றி இன்னொரு வாய் வழியாக ஓடியிருந்தது, மரவள்ளிக்குள் அதன் தடம் தெரிந்தது. குட்டி வெளியே வந்த தடம் எதுவும் இல்லை.

"உள்ளதான் இருக்கா" என்றார் வீட்டுக்காரர். கையில் அலவாங்கு, மண்ணைக் குத்துகிற கடப்பாரை. எங்கே குத்துவது? பாறையின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அலவாங்கை ஓங்கினார். கீழேயிருந்து எங்களைப் பார்த்து ஏறி வந்த சிங்களப் பெரியவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாய் எங்கே என்று தெரியாமல் இரும்பை இறக்கினால் நாயின் முதுகில்தான் இறங்கும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "கூப்பிடு மகளே, அது பதில் சொல்லட்டும்" என்று மட்டும் சிங்களத்தில் சொன்னார்.

நான் மண்ணில் படுத்துப் பொந்துக்குள் வாயை வைத்துக் கூப்பிட்டேன். குட்டி, குட்டிம்மா, கொரைடி, சத்தம் போடுடி. ஒன்றும் இல்லை. என் குரல் கேட்டால் வாயை மூடவேண்டும் என்று நாலு வாரம் நானே சொல்லிக் கொடுத்தேனே! என் குரல் கேட்கக் கேட்க அவள் இன்னும் நல்ல பிள்ளையாக இருந்திருப்பாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் மதியம் தாண்டினால் மழை. மலைத் தண்ணீர் முழுவதும் அந்தப் பாறையை ஒட்டித்தான் இறங்கும், பொந்துக்குள் போகும். பெரியவர் வானத்தைப் பார்த்துவிட்டுக் கையால் மேல்பக்கம் வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தார்.

நாங்கள் அலவாங்கோடு ஓடியதைப் பார்த்துவிட்டு, அப்போதுதான் பக்கத்துக் காம்பரா அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கையில் அவர் வீட்டு மண்வெட்டி. நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான்தானே தங்கச்சி... இந்தப் பாழாப்போன வாய வச்சுக்கிட்டு நான்தானே..." என்றவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "நீ கூப்புட்டா அது பேசாது. நீ நாயா கொரச்சுக் காட்டு, நாய்க்கு நாய் பதில் சொல்லும்" என்றார்.

வேறு நேரமாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். படுத்த இடத்திலேயே குரைத்தேன். முதலில் இருமல் மாதிரி வந்தது. அக்கா அடுத்த வாயில் படுத்து அவரும் குரைத்தார். ஐம்பது வயசை நெருங்கிய இரண்டு பொம்பிளைகள் மண்ணில் குப்புறக் கிடந்து வள் வள் என்று கத்துகிறோம். வீட்டுக்காரருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது, அதோடு கண்ணீரும் வந்தது. "வாய மூடுங்க, கேக்குது, கேக்குது!" என்று பாறையின் இடது பக்கம் காதை வைத்தார்.

குரைப்பு இல்லை. மூக்கால் முனகுகிற ஒரு மெல்லிய சத்தம். ஒரே ஒரு தடவை. அது போதுமாக இருந்தது.

இரும்பைத் தூரப் போட்டுவிட்டுக் கையாலும் சிரட்டையாலும் தோண்டினோம். மழை தொடங்கி எங்கள் முதுகில் அடித்தது, பெரியவர் வெட்டிய வாய்க்கால் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பியது. முழங்கை ஆழத்தில் வால் தட்டுப்பட்டது. வீட்டுக்காரர் பின்னங்கால்களைப் பிடித்து மெல்ல இழுத்தார். பாறைக்கும் வேருக்கும் இடையில் தோள் மாட்டிக் கிடந்திருக்கிறாள். முகம் வெளியே வந்ததும் அக்கா "ஐயோ சாமி" என்று திரும்பிக்கொண்டார். கன்னம், உதடு, கழுத்து, நெஞ்சு, எல்லா இடத்திலும் முள். கண் இரண்டும் தப்பியிருந்தன. அந்தக் கண்ணால் என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள்.

சேலைத் துணியில் சுற்றி ஆட்டோவில் கேகாலைக்குக் கொண்டு போனோம். மிருக வைத்தியர் இளம் பிள்ளை, நல்ல கை. ஊசி போட்டார், கொஞ்ச நேரம் பார்த்தார், இடுக்கியை எடுத்து முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு முள்ளும் சதையோடுதான் வந்தது. குட்டி அசையவில்லை, ஒரு சத்தம் போடவில்லை.

"ஹொந்த பல்லெக்" என்றார் வைத்தியர். நல்ல நாய். இவ்வளவு முள்ளோடு வருகிற நாய்கள் ஊசி போட்ட பிறகும் ஊரைக் கூட்டும், இதற்கு மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது, வலியே தெரியவில்லை என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே அடுத்த முள்ளுக்கு இடுக்கியைக் கொண்டு போனார்.

என் உள்ளங்கைக்குக் கீழே அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தோல் மட்டும் நடுங்கவில்லை, எலும்பும் நடுங்கியது. மூச்சு அனல் மாதிரி என் மணிக்கட்டில் பட்டது.

"நிறுத்துங்க டாக்டர்" என்று தமிழில் கத்திவிட்டேன். பிறகு சிங்களத்தில் சொன்னேன். மருந்து பிடிக்கவில்லை. அவளுக்கு வலிக்கிறது. கத்தக்கூடாது என்று நான் பழக்கி வைத்திருக்கிறேன், அதனால் கத்தாமல் இருக்கிறாள். வீட்டுக்காரர் கதவுப் பக்கம் திரும்பி நின்றார்.

வைத்தியர் இடுக்கியைக் கீழே வைத்தார். குட்டியின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு ஊசியை எடுத்துப் போட்டுவிட்டு, பத்து நிமிஷம் பொறுப்போம் என்று ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பத்து நிமிஷத்தில் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. தலை என் கையில் கனமாக விழுந்தது. இப்போதுதான் மருந்து பிடித்திருக்கிறது என்றார் அவர்.

தட்டில் ஏற்கெனவே ஒன்பது முள் கிடந்தன. அந்த ஒன்பதும் முழு வலியோடு பிடுங்கியவை.