அண்ணனுக்காகப் போட்டுக்கொண்ட ஊசி

நெட்டுக்குப்பத்தில் படகு வைத்திருக்கும் என் அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. இன்னொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்தை உண்டாக்கும் தாய் அணுக்களை (ஸ்டெம் செல்) எடுத்து ஏற்றினால் பிழைக்கலாம் என்றார்கள். வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் பொருந்தியது நான் மட்டும்தான்.

இடுப்பைத் துளைக்கப் போகிறார்கள் என்று பயந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். வயிற்றில் தினமும் ஊசி, ஐந்து நாள், அவ்வளவுதான் என்றார். வெள்ளணுக்களை உண்டாக்கச் சொல்லி மஜ்ஜையைத் தூண்ட நம் உடம்பே சுரக்கிற புரதம்தான் அந்த மருந்தாம். அளவைக் கூட்டிக் கொடுத்தால் மஜ்ஜையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தாய் அணுக்களும் பிடிவிட்டு ரத்தத்தில் இறங்கிவிடும், கை நரம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

மூன்றாம் நாள் இடுப்பும் நெஞ்செலும்பும் விண்விண்ணென்று தெறித்தன. வலி வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது முனகத் தொடங்கி, சிரிப்பில் முடித்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். மறுநாள் ரிப்போர்ட்டில் வெள்ளணுக்கள் பல மடங்கு எகிறியிருந்தன. பள்ளியில் ஒருநாளும் அப்படி மார்க் வாங்காதவள், அந்தச் சீட்டைத் தெருவெல்லாம் காட்டினேன்.

ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய் மறு கைக்குத் திரும்பியது. நாலு மணி நேரத்தில் சின்னப் பை ஒன்று நிறைந்தது. அன்று மாலையே அது அண்ணன் உடம்பில் ஏறியது.

அதன் பிறகு கண்ணாடி அறைக்குள் அவன் கிடந்தான். பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்திருந்ததால் வெள்ளணுவே இல்லை; சாதாரணச் சளி பிடித்தாலும் ஆபத்து. அவனுக்கும் அதே ஊசியைப் போட்டார்கள். பத்து நாளாகியும் எண்ணிக்கை அசையவில்லை. ஒருநாள் காலை, நான் வேலை செய்யும் தையல் கம்பெனிக்கே போன் செய்தான்.

"இன்னாமே, இடுப்பு புட்டுக்கினு போவுது."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "வலிக்கட்டும்ணா, நல்லா வலிக்கட்டும்" என்றேன். மெஷின்களையெல்லாம் நிறுத்திவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மதியம் டாக்டரம்மா கூப்பிட்டார். வெள்ளணுக்கள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன என்றார். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

இப்போது அவன் மறுபடி கடலுக்குப் போகிறான். அவனுடைய ரத்த குரூப்பே என்னுடையதாக மாறிவிட்டது. அவனுக்குக் கோபம் வரும்போதெல்லாம் எல்லாம் உன் ரத்தம்தான் என்று அண்ணி எனக்குப் போன் செய்து சண்டை பிடிக்கிறாள்.