மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை

ஒருவருக்கு மருந்தைப் பற்றித் தெரியும் என்கிறோமே, அவருக்கு உண்மையில் என்ன தெரியும்? லோகேஸ்வரியின் வாழ்க்கையை நினைக்கும்போது இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது.

சிரம்பானில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் மாணவர்களுக்கு மருந்தியல் அறிமுகப் பாடம் எடுத்தாள். நல்ல ஆசிரியை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, வேகமான ஆசிரியை. ஒரு மூலக்கூறு உடம்பின் செல்லில் உள்ள ஏற்பியில் எப்படிப் பொருந்துகிறது, அதில் ஓர் அணுவை மாற்றினால் ஏன் பொருந்தாமல் போகிறது என்று பலகையில் வரையும்போது மட்டும் ஓரிடத்தில் நிற்பாள். புது மருந்தை வடிவமைக்கும் அந்தப் பகுதியில்தான் அவளுக்கு ஆசை. மாத்திரையின் மேல்பூச்சு, அது கரையும் வேகம் எல்லாம் கடைசி அத்தியாயம். மருந்துக்கடைக்காரர் சமாச்சாரம் என்று அதை அரை வகுப்பில் முடித்துவிடுவாள்.

எங்கும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. முதலில் மாத்திரை ஆலையின் பரிசோதனைக்கூடம், பிறகு கோலாலம்பூரில் ஓர் ஆய்வு வேலை, இப்போது கல்லூரியும் அதற்குப் பக்கத்தில் தெமியாங்கில் ஒரு வாடகை அறையும். தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டக் குடியிருப்பில் தனியாக இருந்த அப்பா ராமசாமியைப் பார்க்க மத்தியானம் வருவாள். செருப்பைக் கழற்றும்போதே கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிடுவாள். இரவு தங்கியதில்லை.

அதனால் அந்த வீட்டின் காலை நேரம் அவளுக்குத் தெரியாது. முன்பு தோட்டத்து மருந்தகத்தை நடத்திய டிரசர், டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுக்கும் மருத்துவப் பணியாளர், எந்த மாத்திரையையும் முழுசாகக் கொடுத்ததில்லை. உதவியாளராக இருந்த ராமசாமி இடித்துத் தருவார், டிரசர் தாளில் மடித்துக் கொடுப்பார். மருந்தகம் மூடிய பிறகும் பழக்கம் போகவில்லை. அக்கம்பக்கத்து வயசாளிகள் கிளினிக்கில் வாங்கிய மாத்திரையோடு காலையில் ராமசாமி வீட்டுக்கு வருவார்கள். வெற்றிலை உரலில் இடித்து, கெட்டிப் பாலில் குழைத்துக் கொடுப்பார். யாராவது தயங்கினால், மகளே மருந்துப் பாடம் நடத்துகிறவள், தப்பென்றால் தடுத்திருக்க மாட்டாளா என்று மற்றவர்கள் அடக்கிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுச் செல்லத்துக்குக் கிளினிக்கில் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றினார்கள். அதையும் ராமசாமி இடித்துக் கொடுத்தார். செல்லம் குளியலறையில் மயங்கி விழுந்து மண்டை உடைந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த லோகேஸ்வரி, கட்டிலோரத்தில் கிடந்த மாத்திரை அட்டையைப் படித்தாள். செல்லம் பெரியம்மா இதை எப்படிச் சாப்பிட்டார் என்று அப்பாவைக் கேட்டாள். அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அவரை நடைவழிக்கு அழைத்துப் போனாள்.

"இது நாள் பூரா கொஞ்சங் கொஞ்சமா கரையணும்னு செஞ்சதுப்பா. இடிச்சா மொத்த மருந்தும் ஒரே நேரத்துல ரத்தத்துல ஏறும். பிரஷர் சடார்னு இறங்கிடும்."

"வயித்துக்குள்ள போனா எப்படியும் தூளாத்தான ஆவப்போவுது? நான் முன்கூட்டியே செஞ்சு குடுத்தேன், அவ்ளோதான்லா."

சொன்னவர், யார் யாருக்கெல்லாம் இடித்தோம் என்று பெயர்களை முணுமுணுக்கத் தொடங்கினார். தோட்டத்தில் இப்போது அவருக்கு வேறு வேலை இல்லை. அந்த உரலுக்காகத்தான் நாலு பேர் அவரைத் தேடி வந்தார்கள்.

அப்போது செல்லத்தின் மகன் குணாளன் வந்தான். செல்லத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர் அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். பின்னால் தோட்டத்து ஆட்கள் சிலர் நின்றார்கள்.

"யாரு மாமா இடிக்கச் சொன்னது? ஒங்க இஷ்டத்துக்கு இடிச்சீங்களா?"

ராமசாமி வாயைத் திறப்பதற்குள் லோகேஸ்வரி சொன்னாள்: "நான்தான் இடிக்கச் சொன்னேன்."

"நீயா? காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்கிறியா?"

"ஆமா."

அன்று மாலையே வீடு வீடாகப் போய், கிளினிக்கில் கேட்காமல் எதையும் இடிக்கக் கூடாது என்று சொன்னாள். சில வீடுகளில் உள்ளே கூப்பிடவில்லை. பேச்சு கல்லூரிவரை போனது. முதல்வர் கூப்பிட்டு விசாரித்தார், அவரிடமும் அதையே சொன்னாள். அடுத்த பருவத்தில் அந்தப் பாடத்தை வேறொருவர் எடுத்தார்.

மருந்து தெரிந்தும் அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே இடிக்கச் சொன்னதற்குச் சமம் என்று நினைத்தாளோ என்னவோ. அப்படியென்றால் அது பொய்யுமில்லை. இது நம் ஊகம்தான். தலையில் கட்டோடு வீடு திரும்பிய செல்லம் எல்லார் முன்னிலையிலும், "நீ சொன்னதா ஒங்கப்பன் ஒருநாளும் சொன்னதில்லையே லோகா" என்றார். ராமசாமி தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார்.

"நான்தான் பெரியம்மா," என்றாள் லோகேஸ்வரி.