ஒரே பரீட்சைக்குப் படித்த இருவர்

கொரோனா ஓய்ந்து, சுற்றுலாப் பயணிகள் மறுபடி வரத் தொடங்கியிருந்த காலம். புத்தளம் பக்கத்துக் கடற்கரை ஊரான ஆலங்குடாவில் ஒரு சுற்றுலா விடுதியின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வீடு மாம்புரியில். அப்பா கடற்றொழிலாளி.

அந்த வருடம் அப்பாவின் வள்ளம் இன்னொரு படகில் மோதி, விடயம் பொலிசுக்குப் போனது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே அப்பா கையொப்பம் வைத்துவிட்டு வந்தார். வழக்கு முடியும்வரை வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் சட்டம் படிக்க வேண்டுமென்ற ஆசை எனக்குள் வந்தது.

ஆனால் எப்படி விண்ணப்பிப்பது? சட்டக் கல்லூரிக்குப் போனவர் எங்கள் பக்கம் ஒருவருமில்லை. நுழைவுப் பரீட்சையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றார்கள் சிலர். தமிழிலும் எழுதலாம் என்றார்கள் வேறு சிலர். கொழும்புக்குப் போய் வகுப்பில் சேராமல் நடக்காது என்று ஒரு ஆசிரியர் கையை விரித்துவிட்டார். பாதி ஆசை அங்கேயே போய்விட்டது.

ஒரு விடுமுறை நாளில் புத்தளம் போய், நூலகத்தில் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்கள் கேட்டேன். இருந்த ஒரே வினாத்தாள் கட்டையும் ஒரு பெண் வாசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி, மூலையைக் காட்டினார்கள். கறுப்பு அபாயா அணிந்த, என்னைவிடச் சற்று இளையவள். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனேன்.

“நீங்களும் லோ என்ட்ரன்ஸுக்கா அக்கா?”

“ஓம்.”

“அப்ப இரிங்களே. ரெண்டு பேரும் பார்ப்பம்.”

வினாத்தாள் கட்டை நடுவில் நகர்த்தி வைத்தாள். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. அங்குள்ள தங்கள் காணிக்காகப் பெரியவர்கள் அலைவதைப் பார்த்தே வளர்ந்தவள். நான் கேட்டறிந்த குழப்பங்களையெல்லாம் சொன்னதும் சிரித்தாள்.

“ஆக்கள் செல்ற கதைய விடுங்க. நான் லோ கொலேஜுக்கே கோல் எடுத்துக் கேட்டன்.”

எந்த மொழியில் எழுதலாம், என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும், அறிவித்தல் எங்கே வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறு வேறாக இருப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அதைத் திருத்த பிரதேச செயலகத்துக்கு என்னோடு அலைந்தாள்.

அதன் பிறகு விடுமுறை கிடைத்தால் நூலகம், மற்ற நாட்களில் வாட்ஸ்அப். வெள்ளைக்காரரோடு பேசிப் பழகியதால் எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும்; அதை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். நுண்ணறிவுக் கேள்விகளில் நான் திணறினால் அவள் குரல் பதிவில் பொறுமையாக விளக்குவாள்.

என் சித்திக்கு இது பிடிக்கவில்லை. “உனக்கென்ன பைத்தியமா பிள்ளை? அவளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தா, கடைசியில உன்ட இடத்தத்தான் அவ எடுப்பா.”

அந்தப் பேச்சு எனக்குள் கிடந்து அரித்தது. ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டேன். “என்னால உங்கட இடம் போனா என்ன செய்வீங்க?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “கவலைதான் அக்கா, இல்லண்டு செல்ல ஏலா. ஆனா நம்மட பக்கத்தால ஒராளாவது போனாத்தானே அடுத்த ஆளுக்கு வழி தெரியும்.”

பெறுபேறு வந்தபோது என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. அவளுக்கு என்ன சொல்லி அழைப்பு எடுப்பதென்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவளே எனக்கு அழைப்பு எடுத்தாள். “மாஷா அல்லாஹ் அக்கா!” என்று கத்தினாள். பிறகு அவள் அழுவது கேட்டது. நானும் அழுதேன்.

இப்போது கொழும்பில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். கல்லூரி நூலகத்தில் கிடைக்கும் நல்ல குறிப்புகளைப் படமெடுத்து அவளுக்கு அனுப்புவேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் புத்தளத்தில் இறங்கி அவளோடு உட்கார்ந்து பயிற்சி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அண்மையில் மறுபடி பரீட்சை எழுதினாள். வெளியே வந்ததும் எனக்கு அழைப்பு எடுத்து, “இந்த முறை நல்லாச் செஞ்சிரிக்கன்” என்றாள்.

பெறுபேறு இன்னும் வரவில்லை. என்னுடையதற்குக்கூட நான் இப்படிப் படபடப்போடு காத்திருந்ததில்லை. இன்னொருவருடைய வெற்றியைத் தன்னுடையதாகவே எண்ணி ஏங்க முடியும் என்பதை, என் இடத்தைப் பறித்திருக்கக்கூடிய ஒருத்திதான் எனக்குக் கற்றுத்தந்தாள்.